'இருந்தாலும்' இல்லாத காதல் கதை: பாப் பாடகியாக நினைக்கும் ஒரு குண்டுப் பெண்ணை எழுதுவது எப்படி

"குண்டா இருந்தாலும் முகம் லட்சணமா இருக்கு." என்னைப் பெண் பார்க்க வந்த குடும்பத்தில் ஒரு பெரியம்மா கேசரித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார். நல்ல மனசோடுதான் சொன்னார். அதற்கு முந்தைய வாரம் மணப்பாறைப் பக்கம் ஒரு கோயில் திருவிழாவில் பாடிவிட்டு மேடையிலிருந்து இறங்கினேன். விழாக் கமிட்டிக்காரர் ஒருவர் ஐம்பது ரூபாய் அன்பளிப்பைக் கையில் திணித்து, "உடம்பு அப்படி இருந்தாலும் என்ன குரலும்மா ஒனக்கு!" என்றார். இரண்டுமே பாராட்டுகள். இரண்டிலும் அதே 'இருந்தாலும்'. என் குரலையும் முகத்தையும் ஒரு பக்கம் வைத்து, உடம்பை இன்னொரு பக்கம் நிறுத்தி, அவற்றுக்காக இதை மன்னித்தார்கள்.

உறையூர்க்காரி நான். பதினாறு வயதிலிருந்து பதினொரு வருஷம் மெல்லிசைக் குழுக்களில் பாடினேன். இப்போது வீட்டில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லித் தருகிறேன். கல்லூரிக்குப் போகும் பெண்கள் சிலர் பாட்டோடு கதையும் கொண்டுவருகிறார்கள், போனில் தட்டச்சு செய்தவை. போன வருஷம் மட்டும் ஒன்பது கதை படித்தேன். அதில் ஐந்தில் நாயகி குண்டு, பாப் பாடகியாக ஆசைப்படுகிறவள், ஒருவனைக் காதலிக்கிறவள். ஐந்திலும் அந்த 'இருந்தாலும்' எங்கேயோ ஒளிந்திருந்தது. இப்படி ஒரு கதை எழுத நினைப்பவர்களுக்கு, அந்தப் பெண்களிடம் நேரில் சொன்னதையெல்லாம் இங்கே எழுதுகிறேன்.

உடம்புக்கு என்ன சொல்

நம் மொழியில் பெண் அழகைச் சொல்ல வாயெடுத்தாலே இடுப்பு வந்துவிடும்: கொடியிடை, நூலிடை, துடியிடை, மின்னிடை. எழுதப் பழகும் கை தன்னையறியாமல் அங்கேதான் போகும். குண்டுப் பெண்ணை எழுதும்போது இந்தச் சொற்கள் உதவாது என்று தெரிந்ததும் பலர் பூசணி, யானை, தேர் என்று கேலிக்குப் போகிறார்கள். இல்லையென்றால் 'பூசினாற்போல் உடம்பு' என்று பூசி மெழுகுகிறார்கள்.

ஆனால் அதே பழைய இலக்கியத்தில் தோள் என்று ஒன்றும் இருக்கிறது. பணைத்தோள் என்றால் மூங்கில் போலத் திரண்ட தோள். அதுதான் அழகு. காதலன் பிரிந்து போனால் அந்தத் தோள் மெலியும், வளை கழன்று விழும். திருக்குறளில் 124-ஆம் அதிகாரம், உறுப்புநலனழிதல், இதைத்தான் திரும்பத் திரும்பப் பேசுகிறது. அங்கே மெலிவு என்பது துயரத்தின் அடையாளம். காதல் நன்றாக இருக்கிற வீட்டில் வளை கையோடு இறுகி நிற்கும். இந்த மரபு நம்முடையது. உங்கள் நாயகியின் கண்ணாடி வளையல் எந்த அளவு, கடைக்காரர் சோப்பு நுரை போட்டுத் தள்ளும்போது எப்படி வலித்தது, ஏறிய பிறகு கையில் எப்படி நிறைந்திருந்தது என்று எழுதிப் பாருங்கள். கேலியும் பூச்சும் இல்லாமல் ஓர் உடம்பு பக்கத்தில் வந்து நிற்கும்.

எடையைக் கிலோவில் எழுதாதீர்கள். படிக்கிற பெண் உடனே தன் எண்ணோடு ஒப்பிடுவாள், கதை அங்கேயே நின்றுவிடும். குண்டாக இருப்பதற்கு மருத்துவக் காரணமும் தேட வேண்டாம். தைராய்டு, பிசிஓடி எல்லாம் நிறையப் பேருக்கு இருக்கிறது; அதைக் கதையாக எழுதினால் நன்றாக எழுதுங்கள். "பாவம், அவ தப்பில்ல" என்று சாட்சி சொல்ல மட்டும் அதை இழுத்துவராதீர்கள். உங்கள் நாயகி யாரிடமும் விளக்கம் கொடுக்கக் கடமைப்பட்டவள் இல்லை. மலைக்கோட்டைப் படி ஏறும்போது எல்லோருக்கும் மூச்சு வாங்கும். அவளுக்கு மட்டும் வாங்குவதாக எழுதவும் வேண்டாம்.

'குண்டு' என்ற சொல்லை அவளே எடுத்துக்கொள்ளலாம். அவள் வாயில் அது நிறம், உயரம் போல ஒரு தகவலாக வரட்டும்.

மூச்சில்தான் கதை இருக்கிறது

பதினேழு வயதில் லால்குடிப் பக்கம் ஒரு கச்சேரி. வயிறு தெரியக்கூடாது என்று உள்பாவாடை நாடாவை அக்காவை விட்டு இறுக்கிக் கட்டச் சொன்னேன். அதற்கு மேல் பட்டுப் பாவாடை, இறுக்கமான ரவிக்கை. பல்லவி போனது. அனுபல்லவி போனது. சரணத்தின் கடைசி வரியில் நீண்டு நிற்க வேண்டிய ஒரு ஸ்வரம் பாதியில் அறுந்துவிட்டது. பிஜிஎம் ஓடிக்கொண்டிருக்க, நான் மைக்கைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றேன். கீழே இறங்கியதும் ஆர்மோனியம் வாசிக்கும் பெரியவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "பாட்டு உனக்குத் தெரியாம இல்லம்மா. வயித்த விடு" என்றார்.

அந்த வயதில் அது கெட்ட வார்த்தை போலக் காதில் விழுந்தது. அதன் அர்த்தம் பிறகுதான் புரிந்தது. மூச்சை உள்ளே இழுக்கும்போது நுரையீரலுக்குக் கீழே இருக்கிற உதரவிதானம் கீழே இறங்கும். வயிற்றில் இருப்பதையெல்லாம் அது அழுத்தும், அதனால் வயிறு முன்னால் தள்ளும். தள்ளியே ஆக வேண்டும். வயிற்றை எக்கிப் பிடித்தால் மூச்சு மார்போடு நின்று தோள் தூக்கிக்கொள்ளும். நீளமான வரிக்குக் காற்று போதாது. பாடுகிற எல்லோருக்கும் இதே கணக்குத்தான்.

இதை யோசித்துப் பாருங்கள். பன்னிரண்டு வயதிலிருந்து வயிற்றை எக்கிக்கொண்டே நடக்கப் பழகிய ஒருத்திக்குப் பாட வேண்டும் என்று ஆசை. போட்டோ எடுக்கும்போது எக்குகிறாள், பேருந்தில் எக்குகிறாள், பிடித்தவன் எதிரே வந்தால் இன்னும் எக்குகிறாள். பாட வேண்டுமானால் அதை விட வேண்டும். உடம்பை ஏற்றுக்கொள்வது என்று மூன்று பக்கம் எழுதுவதற்குப் பதில், ஒரு ஸ்வரத்தை எட்டு எண்ணிக்கை நிறுத்த அவள் முயல்வதை எழுதினால் போதும். கதையின் தொடக்கத்தில் நான்கில் அறுகிறது. நடுவில் ஆறு. எட்டு வரும் நாளில் அவள் வயிறு மேடை வெளிச்சத்தில் எல்லோர் கண்ணிலும் படுகிறது, அவளுக்கு அது தெரியவும் தெரிகிறது.

ஒன்று மட்டும் கவனம். உடம்பு பெரிது, அதனால் குரலும் இடி மாதிரி இருக்கும் என்று எழுதாதீர்கள். குரல் பிறப்பது தொண்டைக்குள் இருக்கிற இரண்டு சின்ன மடிப்புகளில். ஆறு கட்டைச் சுருதியில் ஆதார ஸட்ஜம், அதாவது அடிப்படை 'ஸ' பிடித்தால் அவை நொடிக்கு ஏறக்குறைய 220 தடவை அதிரும், பாடுகிறவள் எந்த உடம்புக்காரியாக இருந்தாலும். உங்கள் நாயகிக்கு மெல்லிய, காது பக்கத்தில் முணுமுணுக்கிற குரல் இருக்கட்டுமே. பெரிய குரலைக் கொடுத்து உடம்பைச் சரிக்கட்டுவது, அந்த 'இருந்தாலும்' வேறு வழியாக உள்ளே வருவதுதான்.

எந்த மேடை

"அவள் பெரிய பாப் ஸ்டார் ஆகிறாள்" என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை. எந்த வழியில், யார் கையில், என்ன விலையில் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நான் படித்த ஐந்து கதைகளில் இரண்டில் நாயகி சியோலுக்குப் போகிறாள். கே-பாப் மீது நம் பெண்களுக்கு இருக்கிற பைத்தியம் எனக்குத் தெரியும். என் மாணவிகளில் பாதிப் பேர் கொரிய எழுத்து படிப்பார்கள். அந்த ஆசையை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஒடிசாவின் ரூர்கேலாவிலிருந்து ஸ்ரேயா லெங்கா போய் 2022-இல் பிளாக்ஸ்வான் குழுவில் சேர்ந்தார். ஆகவே இது நடக்காத கனவு இல்லை. ஆனால் அங்கே எழுதப் போனால் பயிற்சிக் காலம் என்றால் என்ன என்று படித்துவிட்டுப் போங்கள். அறிமுகமாகும் முன்பு வருஷக்கணக்கில் ஆட்டம், பாட்டு, மொழி என்று பயிற்சி. இடையிடையே தேர்வு. உடம்பு எடை மீது கடுமையான கண்காணிப்பு இருந்ததாகப் பல கலைஞர்களே பேசியிருக்கிறார்கள். ஒப்பந்தங்கள் மிக நீளமாக இருந்தன என்று வழக்குகள் எழுந்த பிறகு, 2009-இல் கொரியாவின் நியாய வணிக ஆணையம் ஏழு ஆண்டு வரம்போடு மாதிரி ஒப்பந்தம் கொண்டுவந்தது. இதெல்லாம் கதைக்குள் வர வேண்டியதில்லை. ஆனால் எழுதுகிறவருக்குத் தெரிந்திருந்தால், நாயகி கையெழுத்துப் போடும் பக்கத்தில் பேனா கொஞ்சம் கனக்கும்.

இங்கேயே நடக்கிற கதை என்றால் தனிப்பாடல் வழி இருக்கிறது. அதை நான் அதிகம் நம்புகிறேன், ஏனென்றால் அது ஒரு படுக்கையறையில் தொடங்குகிறது. மெத்தையைச் சுவரில் சாய்த்து, ஜன்னலைப் போர்வையால் மூடி, மைக்கில் இரைச்சல் விழும் என்று மின்விசிறியை அணைத்துவிட்டு, திருச்சி மே மாத வெயிலில் பதினேழாவது டேக் பாடுகிற பெண்ணை எழுதுங்கள். தொடை உரசி எரியும், அவள் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு திரும்ப வந்து உட்காருவாள். வெளியே இருக்கிற அம்மாவிடம் குக்கர் வைக்கக்கூடாது என்று கெஞ்சுவாள். பாட்டு வெளியானதும் ராயல்டி யாருக்கு என்ற கேள்வி வரும். 2012-இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டிப் பங்கை உறுதிசெய்தது. பாடகர்களின் உரிமைக்காக இஸ்ரா என்ற சங்கம் 2013-இல் தொடங்கியது. சொந்தமாக எழுதி, மெட்டுப் போட்டு, பாடுகிறவளுக்கு மூன்றிலும் பங்கு உண்டு. நாயகி இதைத் தெரிந்துகொள்ளும் காட்சி ஒன்று இருந்தால் படிக்கிற பெண்களுக்கும் உபயோகம்.

கதையின் நடுவில் அவளுக்கு ஒரு சோதனை வேண்டும். நம் மண்ணுக்கென்று ஒன்று இருக்கிறது. 1930-களின் இறுதியிலிருந்தே இங்கே ஒருத்தி குரல் கொடுக்க, இன்னொருத்தி திரையில் வாயசைப்பது வழக்கமாகிவிட்டது. எத்தனையோ மகத்தான பாடகிகள் நமக்குக் கிடைத்தது அந்த வழியில்தான். ஆனால் பாப் பாடகி என்றால் குரலும் முகமும் உடம்பும் ஒரே ஆள். அதனால் அவளிடம் ஒருவர் வந்து, "பாட்டு உங்களோடது, வாய்ஸ் உங்களோடது, வீடியோல மட்டும் வேற பொண்ணு வரட்டும்" என்று சொல்லட்டும். வில்லன் மாதிரி சொல்லக்கூடாது. மரியாதையாக, நல்ல தொகையோடு, வீட்டில் பணம் தேவைப்படும் வாரத்தில் சொல்ல வேண்டும். அவள் ஓர் இரவு முழுக்க யோசிக்க வேண்டும். உடனே "முடியாது" என்று எழுந்து போகிற நாயகியை நான் நம்பமாட்டேன். எனக்கு அப்படி ஒரு வேலை வந்தது, நான் ஒத்துக்கொண்டேன். வீடு போனதும் அந்த வீடியோவை ஒலி இல்லாமல் பார்த்தேன். அப்புறம் படத்தைப் பார்க்காமல் கேட்டேன். இரண்டிலும் நான் இல்லை என்று பட்டது.

இன்னொரு சின்ன விவரம். தொலைக்காட்சி மேடை எழுதினால் கேமராவைக் கவனியுங்கள். மற்ற பெண்களுக்கு முழு உருவம் காட்டுவார்கள். குண்டுப் பெண்ணுக்குக் கழுத்தோடு டைட் குளோசப் போகும், இல்லையென்றால் குழுவில் பின்வரிசை. அவள் வீட்டில் திரும்ப ஓட்டிப் பார்க்கும்போதுதான் அது தெரியும்.

அவன்

இந்த இடத்தில்தான் எல்லாக் கதையும் சறுக்குகிறது. உதாரணத்துக்கு நாயகி பெயர் மலர், பத்தொன்பது வயது, பி.காம் இரண்டாம் ஆண்டு. அவன் அதே குழுவில் கீபோர்டு. ஒரு மாணவி எழுதிய வரி இப்படி இருந்தது: "நீ குண்டா இருந்தாலும் எனக்கு நீதான் அழகு." அவளுக்கு அதைப் படிக்கும்போது கண் கலங்கியது. எனக்குப் பெரியம்மாவின் கேசரித் தட்டு ஞாபகம் வந்தது.

அந்த வரியை அடித்துவிட்டு, கச்சேரி தொடங்க இருபது நிமிஷம் இருக்கிற நேரத்தை எழுதச் சொன்னேன். மலருக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. இரண்டாவது முறை அவள் எழுதிக்கொண்டு வந்தது:

"தொண்ட கரகரங்குதே. அரைக் கட்ட எறக்கவா?"

"வேணாம். சரணத்துல கொஞ்சம் இழுக்கும். நான் பாத்துக்கறேன்."

"சரி. நடுவுல கஷ்டமா இருந்தா என்னப் பாரு, அடுத்த பாட்டுக்கு மாத்திடறேன்."

"பாக்க மாட்டேன்."

"பாக்காட்டி போ."

கீபோர்டில் ஒரு பொத்தானைத் தட்டினால் ஸ்கேல் இறங்கிவிடும். அவன் தட்டவில்லை. கேட்டான், அவள் சொன்ன பதிலை எடுத்துக்கொண்டான். அவள் வேலையை மதிக்கிறான் என்று இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. என் கணவர் அப்போது எங்கள் குழுவில் ஒலி மிக்சர் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று வருஷம் அவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "மானிட்டர்ல ஒங்க குரல் கேக்குதா?" பாடுகிறவளுக்கு அவள் குரலையே திருப்பிக் கேட்கவைக்கிற மேடை ஸ்பீக்கர்தான் மானிட்டர். மற்ற குழுக்களில் எவரும் அதைக் கேட்டதில்லை.

ஆனால் மரியாதை மட்டும் இருந்தால் அது காதல் கதை ஆகாது. அவனுக்கு அவள் உடம்பு பிடித்திருக்கிறது என்று எழுதக் கூச்சப்படாதீர்கள். அவள் புறங்கழுத்தில் வியர்வையில் ஒட்டிய முடி, சிரித்தால் குலுங்குகிற தோள், காவிரிப் பாலத்தில் வண்டியில் போகும்போது முதுகில் படுகிற அவள் சூடு. வண்டியின் பின்சீட்டில் அவள் எப்போதும் ஓரமாக, பாதி எடையைக் காலில் தாங்கி உட்காருவாள். ஒருநாள் மறந்துபோய் முழுசாக உட்கார்ந்துவிடுகிறாள். அவன் ஒன்றும் சொல்லவில்லை, வேகத்தைக் கொஞ்சம் குறைக்கிறான். பாலம் சீக்கிரம் முடிந்துவிடக்கூடாது என்று. இதை அரைப் பக்கம் எழுதுங்கள். அவள் கண்ணில் அவன் எப்படி இருக்கிறான் என்பதும் வேண்டும். ஆசைப்படுகிற உரிமை அவளுக்கும் உண்டு.

காதலுக்குள் சண்டை எதற்கு வரும்? மூன்றாவது ஆள், தவறான குறுஞ்செய்தி எதுவும் வேண்டாம். குண்டுப் பெண்களுக்கு மிகவும் தெரிந்த காயம் ஒன்று இருக்கிறது. ராத்திரி பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் உருகுகிறவன், மறுநாள் நண்பர்கள் வந்ததும் "இவ எங்க ட்ரூப்ல பாடுறா" என்று மட்டும் அறிமுகம் செய்வான். உங்கள் நாயகனும் ஒருமுறை அப்படிச் செய்யட்டும். அவன் கெட்டவன் இல்லை, பயந்தவன். மலர் அழாமல், பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு சத்திரம் பேருந்து நிலையத்துக்கு நடந்து போகட்டும். அவன் எப்படிச் சரிசெய்கிறான் என்பதில்தான் உங்கள் திறமை. மேடையில் மைக்கைப் பிடுங்கிக் காதலைச் சொல்ல விடாதீர்கள். அது அவள் மேடை. அதே நண்பர்கள் உட்கார்ந்திருக்கும் டீக்கடையில், அதே பெஞ்சில், அவள் பக்கத்தில் அவன் வந்து உட்கார்ந்தால் போதும்.

அம்மா, தையல்காரர், ஒல்லித் தோழி

அம்மாவை வில்லியாக்காதீர்கள். "ராத்திரிக்கு ரெண்டு சப்பாத்தி போதும்டி" என்று சொல்கிற அதே அம்மா, கச்சேரி முடிந்து விடியற்காலை மூன்று மணிக்கு வரும் மகளுக்குச் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்திருப்பாள். இரண்டும் உண்மை.

தையல்கடைக் காட்சி கண்டிப்பாக வேண்டும். என் இளமையில் ஒரு தையல்காரர் மார்பளவு எடுத்து, உள்ளே இருக்கிற பையனுக்குக் கேட்கும்படி எண்ணைக் கூவுவார். கடை முழுக்கத் திரும்பிப் பார்க்கும். பிற்பாடு ஓர் அக்கா கிடைத்தார். அளவெடுத்து நோட்டில் எழுதிக்கொள்வார், வாயே திறக்கமாட்டார். "கை தூக்கிப் பாடுவியா? அப்ப அக்குள்ல ஒரு துண்டு வச்சுத் தைக்கறேன்" என்றார். மேடையில் நான் முதல்முறை கையை முழுசாகத் தூக்கியது அந்த ரவிக்கையில்தான்.

ஒல்லியான ஆட்டக்காரப் பெண்ணைப் பொறாமைக்காரியாக எழுதுவது சுலபம், அதனாலேயே வேண்டாம். அவளுக்கும் சோறு மறுக்கப்படுகிறது. கச்சேரி முடிந்து குழு முழுக்க ரோட்டோரக் கடையில் கொத்துப் பரோட்டா சாப்பிடும்போது, மலர் ருசித்துச் சாப்பிடுவாள். யாரும் தட்டைப் பார்க்கக்கூடாது. அந்தத் தோழிதான் டீயோடு நிறுத்திக்கொள்வாள். இருவரும் அதைப் பற்றிப் பேசுகிற நான்கு வரி போதும்.

இணையத்தில் வருகிற வசைகளைப் பக்கம் பக்கமாக அச்சேற்ற வேண்டாம். ஒன்று போதும். படிக்கிற பெண்ணுக்கு மீதி மனப்பாடம்.

முடிவும் திருத்தமும்

அவளை மெலிய வைக்காதீர்கள். இதில் எனக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது. முந்நூறாவது பக்கத்தில் அவள் இளைத்துப்போய்க் கோப்பை வாங்கினால், அதே உடம்போடு படித்துக்கொண்டிருக்கிற பெண்ணிடம் "உனக்கு இன்னும் நேரம் வரவில்லை" என்று சொன்னதாகிவிடும். கோப்பை வாங்கத்தான் வேண்டும் என்றும் இல்லை. அவளுடைய முதல் தனிப்பாட்டு, அவளே நிற்கிற வீடியோ, முழு உருவம் தெரிகிற ஷாட். இதுவே பெரிய முடிவுதான்.

எழுதி முடித்ததும் சத்தமாகப் படியுங்கள். வசனங்களை யாராவது ஒரு தோழியிடம் கொடுத்து மாறி மாறிப் படித்தால் பொய்யானவை நாக்கில் இடறும். பிறகு போனிலோ கணினியிலோ தேடும் கட்டத்தில் 'இருந்தாலும்' என்று அடியுங்கள். 'ஆனாலும்' என்றும் அடியுங்கள். அந்த மாணவியின் கதையில் பதினான்கு வந்தது. ஒவ்வொன்றாகப் பார்த்தோம். மழையாக இருந்தாலும் கச்சேரி நடக்கும் என்பது மாதிரி மூன்று இருந்தன, அவற்றை விட்டோம். மீதி பதினொன்றில் எல்லாம் மலரின் உடம்பு இருந்தது. சில வரிகளைப் பிரித்தோம், சிலவற்றை முழுசாக எடுத்தோம். "குண்டா இருந்தாலும் அவள் சிரிப்பில் ஊரே மயங்கும்" என்ற வரியை அவள் மூன்று நாள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான்காம் நாள் வகுப்புக்கு வந்து தம்பூரா ஆப்பைப் போடுவதற்கு முன்பே படித்துக் காட்டினாள்: "மலர் குண்டு. சிரித்தால் தோள் குலுங்கும். அதைப் பார்க்கத்தான் அவன் ஒத்திகைக்கு அரை மணி முன்னாடியே வந்துவிடுவான்."